56 ஏ.பி.ஓ.

ராணுவத்தில் இருந்த பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி நிறைய பெரியம்மா எழுதிய நீல நிற இன்லேண்ட் லெட்டர்கள். முகவரியில் ஊர்ப் பெயரே இருக்காது. படை எண், பதவி, பெயர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண். லடாக்கோ ராஜஸ்தானோ, ராணுவத் தபால்காரர்கள் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். 1971 போரின்போதும் எழுதியிருக்கிறார்.

இன்லேண்டுக்குள் வேறெதையும் வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் மகளுக்குப் பல் முளைத்தது, மகனின் கணக்கு மார்க், மாடு கன்று போட்டது எல்லாம் எழுத்திலேயே போயாக வேண்டும். இடம் தீர்ந்தால் ஓரத்தில், பிறகு ஒட்டும் மடிப்பிலும் நுணுக்கி நுணுக்கி எழுதுவார். வீட்டுக் கடன், பிள்ளைகளின் காய்ச்சல் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதியதைவிட அந்த எழுதாததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தொண்ணூறைத் தாண்டியும் பெரியம்மா, பெரியப்பாவின் படை எண்ணைத் தடுமாறாமல் சொல்வார்.