முதுகுக்கு எட்டும் சாலை

ரேஸிங் வீடியோ கேமில் திரை கண்ணுக்கும் ஸ்டியரிங் கைக்கும் சேதி சொல்கின்றன. முதுகுக்குச் சொல்வது பாஸ் ஷேக்கர். ஒலிபெருக்கியில் உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் இதிலும் உண்டு. காற்றைத் தள்ளும் கூம்பு மட்டும் இல்லை. உள்ளே ஓர் எடை அதிர, அதைத் திருகிப் பொருத்திய இருக்கையும் சேர்ந்து அதிர்கிறது.

சப்வூஃபர் அறைக்காற்றை அசைத்து இன்ஜினின் உறுமலைத் தருகிறது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே காது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். உடம்பு அப்போதும் உணரும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐட்லிங்கில் நிற்கும்போது, நொடிக்கு 30 முறை எரிபொருள் பற்றுகிறது. அந்த 30 ஹெர்ட்ஸ் துடிப்பை ஷேக்கர் இருக்கையில் தெளிவாகக் காட்டும்.

கேமின் ஒலியை அப்படியே ஷேக்கருக்குக் கொடுத்தால் பின்னணி இசைக்கும் இருக்கை ஆடும். சிம்ஹப் போன்ற மென்பொருள், கேம் தரும் டெலிமெட்ரியை, அதாவது வண்டியின் நிலையைச் சொல்லும் தரவைப் படித்து, கியர் மாறுவது, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்வது, பாதையோர மேட்டில் ஏறுவது என ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வை உண்டாக்குகிறது. நான்கு மூலையிலும் ஷேக்கர் வைத்தால் எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்பதும் பிடிபடும்.

இருக்கைச் சட்டத்தின் அடியில் ரப்பர் தாங்கிகள் வைப்பது கீழ்வீட்டுக்காரருக்கு நல்லது. எல்லா அதிர்வையும் ஒருசேரக் கூட்டினால் எதுவும் விளங்காது. அளவோடு வைத்ததே நல்ல அமைப்பு.