பொருள்வயிற் பிரிவும் ஈடுசெய்ய இயலா இழப்பும்: பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாடல்களை முன்வைத்து

சங்க அகப்பாடல்களில் இடம்பெறும் பொருள்வயிற் பிரிவு, இல்லறக் கடமையின் ஒரு கூறாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. தலைவன் பொருளீட்டச் செல்வான், தலைவி ஆற்றியிருப்பாள், கார்காலத் தொடக்கத்தில் அவன் மீள்வான். மீட்சி உறுதி என்னும் இம்மரபினால், பிரிவுத் துயர் தற்காலிகமானது என்ற எண்ணம் வகுப்பறை விளக்கங்களில் நிலைபெற்றுவிட்டது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாடல்கள் இவ்வெண்ணத்திற்கு எளிதில் இடந்தருவன அல்ல.

ஆடவர்க்குத் தொழிலே உயிர் என்னும் கருத்துக்கு மேற்கோளாக மேடைகளில் அடிக்கடி ஆளப்படுவது குறுந்தொகை 135ஆம் பாடல். ஆனால் பாடல் அக்கருத்தோடு நிற்கவில்லை. இல்லுறை மகளிர்க்குக் கணவரே உயிர் என்பதும் உடன் கூறப்படுகிறது. இவ்விரண்டையும் உரைத்தவன் தலைவனே. அவன் சொல்லையே சான்றாக்கி, ‘அவன் செல்லமாட்டான், அழாதே’ எனத் தோழி தேற்றுகிறாள். பொருள் தேடலுக்கு அரணாகத் தோன்றும் கூற்று, பாடலுக்குள் அதனைத் தடுக்கும் வாதமாகிறது. முதற்பாதியை மட்டும் எடுத்தாள்வது பாடலைத் தலைகீழாக்குவதாகும்.

கலித்தொகையின் பாலைப் பாடல்கள் முப்பத்தைந்தும் பெருங்கடுங்கோவுக்கு உரியன என்பது மரபு. (நூல் முழுவதும் ஒருவர் பாடியதே என்பாரும் உளர்; ஈண்டு மரபே கொள்ளப்படுகிறது.) அவற்றுள் 11ஆம் பாடல், பொருளால் விளையும் பயன்களாகத் தலைவன் கருதிய மூன்றனைத் தலைவியின் வாய்மொழியாகத் தருகிறது: அறவழியில் ஈதல், பகை வெல்லுதல், காதலின்பம். மூன்றாவது கூர்ந்து நோக்கத்தக்கது. காதல் வாழ்வைப் பேணுவதற்கென்றே காதலியைப் பிரிகிறான். அவன் கடக்கும் காட்டிலோ, களிறு பிடியை ஊட்டிய பின்னரே தான் நீருண்கிறது. புறா சிறகால் பெடையின் வெம்மையை ஆற்றுகிறது. கலைமான் தன் நிழலையே பிணைக்குத் தருகிறது. இவற்றை முன்பு எடுத்துரைத்தவனும் அவனே. அச்சொற்களைப் பற்றிக்கொண்டே அவன் வரவைத் தலைவி நம்புகிறாள். நீரும் நிழலும் அரிதான இடத்திலும் அவ்வுயிர்கள் துணையை நீங்கவில்லை என்பதைப் பாடல் வெளிப்படையாகச் சுட்டாமல் விடுகிறது.

18ஆம் பாடலில் தோழி அவனிடம் நேரே வாதிடுகிறாள். இளமையும் காதலும் ஒருங்கே வாய்த்தவர் செல்வத்தை விழைய வேண்டுமா என்பது அவள் வினா. ஓர் ஆடையைக் கூறிட்டு உடுக்கும் வறுமையிலும் ஒன்றியிருப்பார் வாழ்வே வாழ்வு. கழிந்த இளமையை மீட்டுத் தருதல் அரிது. மரபு உறுதியளிப்பது தலைவனின் மீட்சியை மட்டுமே. கழிந்த காலத்திற்கு அதனிடம் விடையில்லை. பிரிவை இடைக்கால இடையூறாகக் காணும் விளக்கம் தளர்வது இவ்விடத்தில்தான்.

இவ்வுணர்வு பெண்களின் கூற்றாக மட்டும் நின்றுவிடவில்லை. அகநானூறு 5ஆம் பாடலில் பேசுபவன் பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன். தலைவி வாய்திறந்து எதையும் கூறுவதில்லை. முகக்குறிப்பு மட்டுமே உண்டு. கண்பாவையை மறைக்கும் நீருடன், மார்போடு அணைத்த புதல்வனின் தலையிற் சூடிய மாலையை மோந்து பெருமூச்செறிகிறாள். அம்மூச்சின் வெம்மையில் மலர்கள் நிறமிழக்கின்றன. அதைக் கண்டு அவன் பயணத்தைக் கைவிடுகிறான். குழந்தை அங்கிருப்பது தற்செயலன்று; ஈட்டப்போகும் பொருள் யாருக்காக என்று சொல்லப்படுமோ, அவன் சூடிய மாலையே முதலில் வாடுகிறது.

தொல்காப்பியக் கற்பியலோ, தலைவன் செலவிடை அழுங்குவது செல்லாமை அன்று, தலைவியை வற்புறுத்தி ஆற்றுவித்தற்பொருட்டு இடையில் நிற்றலே என வரையறுக்கிறது. இவ்விதியைக் கொண்டு இப்பாடலை அளந்தால் அவன் மறுநாளோ மறுதிங்களோ புறப்பட்டேயாக வேண்டும். ஆனால் தலைவன் தன் நெஞ்சிடம் கூறுவது வேறு: அருகில் இருக்கும்போதே இவ்வாறு வருந்துபவள், பிரிந்தால் உயிர் தரியாள். இச்சொல்லில் தலைவியை ஆற்றுவிக்கும் நோக்கம் எதுவுமில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை.