தண்ணீர் ஊற்றாத குக்கர்

மயிலாப்பூர் நண்பர் ஒருவர் வால்வு ஆம்ப்ளிஃபையர் கிட் வாங்கி, தானே சால்டர் பண்ணி முடித்துவிட்டுக் கூப்பிட்டார். ஸ்பீக்கர் இன்னும் வந்து சேரவில்லை. ‘‘சும்மா ஆன் பண்ணி ஒரு பாட்டு விட்டுப் பார்க்கலாம் சார். வேலை செய்யறதான்னு தெரிஞ்சுடுமே!’’ என்று பிளக்கை எடுத்தார். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது.

கூட வந்த கையேட்டை வாங்கிப் படித்தேன். வழவழ காகிதம், நல்ல அச்சு. வால்வின் ‘கதகதப்பான தூய நாதம்’ பற்றி நான்கு பக்கம். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதே என்று ஒரு வரி கிடையாது. குக்கரின் அழகை வர்ணித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்ல மறந்தாற்போல.

முதலில் அந்தத் ‘தூய’. ஒற்றை வால்வு சர்க்யூட், உள்ளே வரும் சுரத்தோடு அதன் இரண்டாவது ஹார்மானிக்கைக் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறது. ஷட்ஜம் பாடினால் கூடவே மெலிசாக மேல்ஸ்தாயி ஷட்ஜம். காதுக்கு இதம்தான். எனக்கும் பிடிக்கும். ஆனால், பாடகர் பாடாததைச் சேர்ப்பதற்குப் பெயர் தூய்மை இல்லை, டிஸ்டார்ஷன்.

இது ரசனை விவகாரம், போகட்டும். விட்டுப்போன அந்த ஒரு வரிதான் ஆபத்து.

வால்வில் புழங்குவது பல நூறு வோல்ட், கொஞ்சம் கரன்ட். 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தேவை இதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் நடுவே தரகர் வேலை பார்ப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பாட்டை முடுக்கினால், டிரான்ஸ்ஃபார்மரில் சேரும் சக்திக்குப் போக்கிடம் இல்லை. வோல்டேஜ் ஆயிரத்தைத் தாண்டி எகிறலாம். இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும், வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும். கிட்டிலேயே விலை கூடின பாகம் காலி.

டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது. அவற்றுக்கு ஷார்ட்தான் எமன். அவற்றோடு வளர்ந்தவர் நண்பர், அதனால் பயமில்லை. கையேடு எழுதினவர் அப்படி இருக்கலாமா?

சென்னைக்கு இது பழைய பாடம். 1930-ல் மாநகராட்சி ரேடியோ, 1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோவின் மெட்ராஸ் நிலையம். டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் அன்று வால்வுதான். ஆன்டெனா இல்லாமல் சோதிக்க வேண்டுமென்றால் அதற்குப் பதிலாக டம்மி லோடு வைப்பது ஒலிபரப்பு எஞ்சினீயரின் அரிச்சுவடி. ஃபெண்டர் கிடார் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில், ஸ்பீக்கர் பிளக்கை உருவினால் ஜாக் தானே அவுட்புட்டை ஷார்ட் பண்ணிவிடும். வால்வு அதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். எதுவுமே இல்லாததைத்தான் பொறுக்காது.

கையேடு சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

ஸ்பீக்கர் இல்லையென்றால் 8 ஓம் முனைகளில் 8 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை இறுக்கமாக இணையுங்கள். ஆம்ப்ளிஃபையர் 10 வாட் என்றால் ரெசிஸ்டர் குறைந்தது 20 வாட். நன்றாகச் சுடும், திரைச்சீலைப் பக்கம் வேண்டாம். ராத்திரி ஹெட்போனில் கேட்பதானாலும் இந்த லோடு இருந்தே ஆகவேண்டும். அதிலிருந்து சிறு பங்கைப் பிரித்துத்தான் ஹெட்போனுக்குத் தரவேண்டும். ‘வால்யூமை ஜீரோவில் வைத்துக்கொண்டால் போதாதா?’ போதாது. டிரான்ஸ்ஃபார்மர் ஒயர் இடம் மாறி ஃபீட்பேக் தலைகீழானால், பாட்டே இல்லாமல் தானாகக் கத்த ஆரம்பித்துவிடும். புதுசாகக் கட்டின கிட்டில் இது சகஜம். கடைசியாக, ஆஃப் பண்ணினபின்னும் கபாஸிட்டரில் ஆளைக் கொல்லும் சார்ஜ் மிச்சமிருக்கலாம். மூடியைத் திறந்து விரலை விடாதீர்கள்.

நாதத்துக்கு நான்கு பக்கம் கொடுத்தவர்கள் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

நண்பர் ரிச்சி தெருவுக்குப் போய் ரெசிஸ்டர் வாங்கி வந்தார். இணைத்தோம். ஆன் பண்ணி, பாட்டு வைத்து, வால்யூமை மெள்ளக் கூட்டினார். நிசப்தம்.

‘‘ஒண்ணும் கேக்கலையே சார்?’’

‘‘ரெசிஸ்டர் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்க. தொடாதீங்க.’’

‘‘சுடறது!’’

‘‘அதான் பாட்டு.’’