ராஜபார்ட் எழுதிய பக்கங்கள்

பழைய தமிழ் நாடக மேடையைப் பார்த்தவர்கள் இன்று அநேகமாக யாரும் இல்லை. படங்கள் கொஞ்சம், இசைத்தட்டுகள் கொஞ்சம், நாடக நோட்டீஸ்கள் அங்கொன்றும் இங்கொன்றும் கிடைக்கின்றன. அந்த மேடையில் பிழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய, அவர்களே எழுதிய அல்லது சொல்லிப் பிறர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நாடகக் கம்பெனி நாட்களைப் பற்றிப் பேசும்போது நடிகர்கள் பசி, அடி, பொறாமை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறார்கள். கதை சினிமாவுக்கு வந்து சேர்ந்ததும் குரல் மாறிவிடுகிறது. நன்றியறிதல்களும் பட்டப் பெயர்களும் வெற்றி விழாக்களும் பக்கங்களை நிரப்பத் தொடங்குகின்றன. ஆகவே இந்த நூல்களின் முதல் பாதிக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

காலத்தால் முந்தியது பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடகமேடை நினைவுகள்’. சுதேசமித்திரனில் தொடராக வந்து பல பாகங்களாக நூலானது. பம்மல் வக்கீல், பின்னாளில் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி. பல்லாரியிலிருந்து வந்த குழு ஒன்றின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்துவிட்டு, படித்தவர்களும் மேடையேறலாம் என்ற துணிச்சலோடு 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பகலில் கச்சேரிக்கும் ஆபீசுக்கும் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்களின் சபை அது. கூலிக்கு நடிப்பவர்கள் மீது அவருக்கிருந்த இளக்காரம் எழுத்தில் ஆங்காங்கே எட்டிப் பார்க்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பொறுத்துக்கொண்டால் கிடைப்பது பெரிய புதையல். எந்த நாடகத்தில் யார் சொதப்பினார்கள், எந்த உடை எப்படித் தைக்கப்பட்டது, டிக்கெட் விற்பனை எவ்வளவு குறைந்தது என்று கணக்குப்பிள்ளையின் சிரத்தையோடு எழுதுகிறார். அவருக்கு ஜோடியாகப் பெண் வேடம் கட்டியவர் சி. ரங்கவடிவேலு, அவரும் வக்கீல். ரங்கவடிவேலுவைப் பற்றி எழுத வரும்போதெல்லாம் கணக்கு நின்றுபோய், நண்பனைப் பறிகொடுத்தவரின் தழுதழுப்பு வந்துவிடுகிறது. அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் அவைதாம்.

பம்மலுக்கு நாடகம் ஆசை, அவ்வை தி.க. சண்முகத்துக்கு அது சோறு. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சகோதரர்களோடு சேர்க்கப்பட்டபோது சண்முகத்துக்கு வயது ஆறு. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து அவர் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’தான் இந்த வகையில் தமிழில் வந்த மிகச் சிறந்த நூல் என்பது என் துணிபு. பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், அநாதை விடுதி, தொழிற்சாலை மூன்றும் கலந்த இடம். விடிவதற்கு முன் பாட்டுப் பயிற்சி, பகலில் பாடம் கேட்டு நெட்டுருப் போடுதல், இரவில் மேடை. பாடம் மறந்தால் பிரம்பு. மாதச் சம்பளம் பெற்றோர் கைக்குப் போகும். பையனுக்குச் சோறும் படுக்க ஓர் இடமும் கிடைக்கும். இதையெல்லாம் சண்முகம் புகார் தொனி இல்லாமல் சொல்வதால்தான் படிப்பவருக்கு உறைக்கிறது.

அவருடைய சித்திரங்களில் உச்சம் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்த அந்த ஆசிரியர், நடிப்பை விட்டு எழுத்துக்கும் பயிற்றுவித்தலுக்கும் போனதற்கு ஒரு கதை உண்டு. சனீஸ்வரன் வேடம் கலைக்காமல் விடியற்காலையில் குளக்கரைக்குப் போனபோது ஒரு கர்ப்பிணிப் பெண் பார்த்து அதிர்ந்துபோனாள், அத்தோடு அரிதாரத்தைக் கைவிட்டார் என்பார்கள். மெய்யோ பொய்யோ, அவர் வேடத்தின் வீரியத்தைப் பற்றி மேடை உலகம் என்ன நினைத்தது என்பதற்கு அது சாட்சி. சண்முகம் தரும் காட்சி இதைவிட நம்பத் தகுந்தது. சிறுவன் சண்முகத்தை அபிமன்யுவாக நடிக்கவைக்க எண்ணி, சுவாமிகள் விளக்கை வைத்துக்கொண்டு ஓரிரவு உட்கார்ந்தார். காலையில் பையன்கள் எழுந்து பார்த்தால் பாட்டும் வசனமுமாக முழு நாடகமும் எழுதி முடித்துக் கிடந்தது. எழுதியவரின் பெருமையை விட, அதைப் பார்த்து மலைத்து நின்ற ஒரு குழந்தையின் கண்தான் அந்த இடத்தில் நமக்குக் கிடைக்கிறது.

பாய்ஸ் கம்பெனிகளின் எமன் மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் தொண்டை உடையும். அதுவரை ராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் கொடிகட்டிப் பறந்த பையன் மறுமாதம் கட்டியக்காரனாக நிற்பான், அல்லது மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சத்தில் பாடுவதுதான் நடிப்பு என்றிருந்த காலம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் முன்னணியில் இருந்த பி.யு. சின்னப்பாவையும் இது விட்டுவைக்கவில்லை. குரல் போனதும் கம்பெனியை விட்டு விலகிப் புதுக்கோட்டைக்குத் திரும்பிய அவர், சங்கீதத்தோடு சிலம்பமும் பளு தூக்குதலும் கற்றார். பிறகு சினிமாவில் ‘உத்தம புத்திரன்’ (1940), ‘கண்ணகி’ (1942) என்று அவர் எழுந்தபோது பாட்டோடு கத்திச் சண்டையும் சேர்ந்துகொண்டது. பாட்டு மட்டுமே தெரிந்த கதாநாயகனின் காலம் முடிவதற்கு உடைந்த தொண்டை ஒன்றும் காரணம் என்று சொன்னால் மிகையில்லை. 1951இல் 35 வயதில் இறந்துபோன சின்னப்பா வரலாறு எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையின் நடுநாயகமாக அது இருந்திருக்கும்.

எம்.ஆர். ராதா எழுதவில்லை, பேசினார். எம்.ஜி.ஆரை 1967 ஜனவரி 12 அன்று சுட்ட வழக்கில் சிறை சென்று 1971இல் வெளியே வந்தவரிடம் எழுத்தாளர் விந்தன் உட்கார்ந்து கேட்டு வாங்கியதுதான் ‘எம்.ஆர். ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகள்’. விந்தன் தொழிலாளியாக இருந்து கதாசிரியர் ஆனவர். எங்கே கேள்வி போட வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர். அதனால் ராதாவின் வாய்மொழி சேதமில்லாமல் அச்சேறியிருக்கிறது. சாப்பாட்டில் மீன் துண்டு விஷயமாக அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு ஓடி, எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒருவருக்கு மூட்டை தூக்கி, அவர் மூலமாகவே நாடகக் கம்பெனிக்குள் நுழைந்த கதையை அவர் சொல்லும் விதத்தில் துளி இரக்கமும் கேட்கவில்லை. தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அவருக்கு நிகர் இந்த வரிசையில் யாரும் இல்லை.

ராதாவின் மேடையை அச்சில் பிடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ 1954இல் படமாகவும் வந்தது. குஷ்டரோகியாக அவர் கரகரப்பதும் இழுப்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மேடையில் அன்றைய செய்தியை எடுத்துக்கொண்டு வசனத்தை விட்டு வெளியே போய், முன் வரிசையில் இருப்பவரை வம்புக்கிழுத்துவிட்டுத் திரும்பி வரும் வித்தை படத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. அந்த வித்தைக்குப் பயந்துதான் அரசு 1954இல் புதிய நாடகச் சட்டம் கொண்டுவந்தது. ராமாயணத்தை அவர் மேடையில் கையாண்ட விதம் அப்போது சட்டமன்றம்வரை போனது. ஒரு நடிகரின் வாழ்க்கையை அறிய சட்டப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியிருப்பது அபூர்வம்.

சிவாஜி கணேசனின் ‘எனது சுயசரிதை’யும் கேள்வி-பதிலில் பிறந்ததே, டி.எஸ். நாராயணசாமி கேட்டுத் தொகுத்தார். திருச்சியில் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில், தனக்கு யாருமில்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்த சிறுவன், முதலில் கட்டிய வேடம் சீதை. இந்தப் பகுதிகளில் புத்தகத்துக்கு உயிர் இருக்கிறது. அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்ததும் பெரியார் அந்தப் பெயரையே சூட்டியதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவர் சினிமாவுக்கு வந்த 1952க்குப் பிந்தைய பக்கங்களில் கேட்பவர் வியக்கிறார், சொல்பவர் அடக்கமாக ஏற்கிறார். மரியாதை கூடினால் விஷயம் குறையும். எம்.ஜி.ஆர். 1970இல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘நான் ஏன் பிறந்தேன்’ முழுமை பெறாமல் நின்றது. வறுமையும் தாயும் அண்ணன் சக்கரபாணியும் வரும் அத்தியாயங்கள் நன்று. மற்ற இடங்களில் தலைவர் பேசுகிறார், நடிகரைக் காணோம்.

எழுதாமல் போனாலும் தடம் பதித்தவர்கள் உண்டு. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் நவாபாக நடித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தந்திரக் காட்சிகளுக்கும் கட்டுப்பாட்டுக்கும் பேர்போன அவருடைய கம்பெனியிலிருந்து வந்தவர் எம்.என். நம்பியார். நவாப் ஊர் ஊராக நடத்திய ஐயப்பன் நாடகத்துக்குத் தமிழ்நாட்டில் சபரிமலை பக்தி பரவியதில் பெரும் பங்குண்டு. திரையில் வில்லனாக மிரட்டிய நம்பியார் குருசாமியாகப் பலரை மலைக்கு அழைத்துப் போனதும் அந்த வழிதான்.

பெண்களைப் பற்றித் தேடினால் அலமாரி காலியாக இருக்கிறது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க வருவோருக்காகத் தனி ரயில் விட்டார்கள் என்றும், கடைசிக் காலத்தில் வறுமையில் மாண்டார் என்றும் பிறர்தான் சொல்கிறார்கள். அதிலும் ரயிலைப் பற்றிச் சொல்பவர்கள் அவர் நிர்வாகத் திறமையைச் சொல்வதில்லை. டி.பி. ராஜலட்சுமி 1931இல் ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி. 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி நடித்தார். நாவல் எழுதத் தெரிந்தவர் தன் கதையை எழுதவில்லை, அல்லது எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கே.பி. சுந்தராம்பாள் இதில் பாதி விதிவிலக்கு. கொடுமுடிச் சிறுமி மேடைக்கு வந்து, 1926இல் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்து, மறு ஆண்டு மணந்தார். இருவரின் உச்சஸ்தாயிப் போட்டியை இசைத்தட்டு வியாபாரிகள் நன்றாகவே விற்றார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. குடி, பிரிவு, பிணக்கு எல்லாம் வந்தன. அக்காலத்தில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் சில அச்சில் கிடைக்கின்றன. கோபமும் கெஞ்சலும் மானமும் ஒரே பக்கத்தில் முட்டி மோதும் அந்தக் கடிதங்களுக்கு முன்னால் மேலே சொன்ன சுயசரிதைகள் பலவும் வெளிறிப் போகின்றன. ஊருக்காக எழுதியதல்ல என்பதே அவற்றின் பலம். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள், ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பிறகு ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் 1935இல் ‘நந்தனா’ராக ஆண் வேடமே கட்டினார். அதன்பின் அவருடைய திரை வாழ்க்கை முழுவதும் பக்தை, துறவி, கிழவி என்று அந்த உறுதிக்கு உட்பட்டே நடந்தது. 1953இல் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ கவுந்தியடிகள் எல்லாம் அப்படி அமைந்தவையே. ஆண் ஔவையாக மேடையில் பேரெடுத்த சண்முகமும் பெண் ஔவையாகத் திரையில் பேரெடுத்த சுந்தராம்பாளும் ஒரே காலத்தவர் என்பதை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

கடல் கடந்தால் கலையரசு க. சொர்ணலிங்கம் கைகொடுக்கிறார். பம்மலைக் குருவாகக் கொண்டவர்; அவருடைய ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ யாழ்ப்பாணத்து, கொழும்பு மேடைகளுக்கு ஆதாரமான நூல். ஆனால் அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் ஊர் ஊராக மக்களை அழவைத்த காங்கேசன்துறை வி.வி. வைரமுத்துவின் வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்க அப்படி ஒரு நூல் இல்லை. அங்கும் சபை நாடகக்காரர் எழுதினார், இசை நாடகக்காரர் பாடிவிட்டுப் போனார்.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை கிடையாது, பல நேரங்களில் மேடையில்தான் முதல் சந்திப்பு. ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய ஓடும். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யாருக்குப் பாட்டு அதிகம் தெரியும் என்பது ஊர் முன்னே தெரிந்துவிடும். அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி இந்த நடிகைகளோடு பழகி 2005இல் ஒரு முழு நூல் எழுதினார். ‘கூத்தாடி’ என்ற வசை விழாமலிருக்க அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும் விதத்தையும், வேனில் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும்கூடக் கவனித்திருக்கிறார். தமிழில் அதற்கு ஈடாக ஒரு நடிகையின் தன்வரலாறு இன்னும் வரவில்லை. ஸ்திரீபார்ட் வேடத்தில் முப்பது வருடம் நின்றவர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். கேட்க ஒரு விந்தன்தான் வேண்டும்.