'பங்களிப்பு' என்ற தனி அத்தியாயம்

பள்ளியில் நான் படித்த வரிசை இதுதான்: 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம், அடுத்து 1890-களில் கமலாம்பாள் சரித்திரம். நடுவில் 1885-ல் இலங்கையில் வெளிவந்த அசன்பே சரித்திரத்தை யாரும் சொல்லவில்லை. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை. 1882-ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான்.

இலக்கிய வரலாறுகளில் இந்த நாவல் இல்லாமல் இல்லை. ஆனா எங்கே இருக்கு? பெரும்பாலும் 'இஸ்லாமியர் பங்களிப்பு' என்ற தனி அத்தியாயத்தில். வேதநாயகம் பிள்ளை கிறித்தவர்தானே? அவருடைய நாவல் மட்டும் நாவல் அத்தியாயத்தின் முதல் வரியில் நிற்கிறது.

அசன்பே பிரமாதமான நாவல்னு சொல்ல வரலை. தற்செயல்கள் அதிகம், உபதேசமும் உண்டு. அதே குறைகள் பிரதாப முதலியாரிலும் இருக்கே! ஆனால் அசன்பேயைப் பிரித்து வைத்ததில் ஒரு முக்கியமான செய்தி தொலைந்துபோகிறது: தமிழ் நாவல் பிறந்த சில வருஷத்திலேயே எகிப்து வரை போய்விட்டது.

எங்க கள்ளக்குறிச்சியிலும் இதே பழக்கம்தான். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள். பேரைக் கேட்டதும் "கேரளாவா?" என்கிறோம்.

விருந்தாளியிடம்தான் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்போம். சித்தி லெப்பை விருந்தாளி இல்லை. அடுத்து நாவல் வரலாறு எழுதுறவங்க 1879-க்குக் கீழே 1885-ஐயும் எழுதட்டும்.