கப்பல் ஒரு பட்டியலில், தண்ணீர் இன்னொரு பட்டியலில்

நீர்வழிப் போக்குவரத்து என்று பேச்செடுத்தாலே ஒரு கணக்கு முன்னால் வந்துவிடும். அதே எரிபொருளில் லாரியைவிட ரயிலும், ரயிலைவிடக் கப்பலும் அதிக தூரம் சரக்கை இழுக்கும். கணக்கு சரிதான். அப்புறம் ஏன் கங்கையில் சரக்குக் கப்பல்கள் வரிசைகட்டிப் போகவில்லை? வண்டலைக் காரணம் சொல்வார்கள், கோடைக்கால நீர்க்குறைவைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்ததில், ஆற்றைவிட அலுவலகங்கள்தான் எனக்குப் பெரிய காரணமாகப் படுகின்றன.

முதலில் அரசமைப்புச் சட்டம். நாடாளுமன்றம் தேசிய நீர்வழி என்று அறிவித்த ஆற்றில் இயந்திரக் கப்பல் ஓட்டுவது மத்தியப் பட்டியலின் 24-வது இனம். தண்ணீர், பாசனம், கால்வாய், அணை எல்லாம் மாநிலப் பட்டியலின் 17-வது இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு 56-வது இனம் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினாலும் விஷயம் போய்ச் சேர்வது நீர்வளத் துறைக்கு, கப்பல் துறைக்கு அல்ல. அதாவது கப்பல் ஒருத்தர் கையில், அது மிதக்கிற தண்ணீர் இன்னொருத்தர் கையில்.

இந்தப் பிளவுக்கு நடுவில்தான் 1986-ல் இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் பிறந்தது. அதே ஆண்டு அலகாபாத்–ஹால்டியா இடையே 1620 கிலோமீட்டர் முதலாம் தேசிய நீர்வழி ஆனது. ஆணையத்தால் தூர்வார முடியும், மிதவை போட முடியும், முனையம் கட்ட முடியும். மேலே ஹரித்வாரிலும் நரோராவிலும் பாசனத்துக்குப் பிரிகிற தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட 'கப்பலுக்கு விடு' என்று கேட்க முடியாது. கீழே 1975 முதல் இயங்கும் ஃபராக்கா தடுப்பணையும் அதன் அதிகாரத்தில் இல்லை. அந்த அணையே கொல்கத்தா துறைமுகத்தை வண்டலிலிருந்து காப்பாற்றக் கட்டியது. அங்கே ஜனவரி முதல் மே வரை யாருக்கு எவ்வளவு நீர் என்பதை, பத்துப் பத்து நாளாகப் பிரித்து, 1996-ல் வங்கதேசத்தோடு போட்ட ஒப்பந்தம் முடிவு செய்கிறது. கப்பலுக்கு ஆழம் குறைகிற மாதங்களும் அவைதான். இன்னொரு பக்கம், வண்டல் சேர்ந்து வெள்ளம் வருகிறது, அந்த அணையையே எடுத்துவிடுங்கள் என்று பீகார் அரசு கேட்டது. ஒரே ஆற்றில் இத்தனை கோரிக்கைகள்!

இப்படிப்பட்ட நிறுவனம் என்ன செய்யும்? தன் கைக்கு எட்டுவதைச் செய்யும். அதுதான் முனையம். 2018 ஜனவரியில் 5369 கோடி ரூபாய்க்கு 'ஜல் மார்க் விகாஸ்' திட்டம் ஒப்புதல் பெற்றது. உலக வங்கிக் கடன் 37.5 கோடி டாலர். அந்த நவம்பரில் வாரணாசியை அடுத்த ராம்நகரில் முனையம் திறந்தார்கள். கொல்கத்தாவிலிருந்து கொள்கலன்களோடு ஒரு கப்பல் வந்தது, படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு சாகிப்கஞ்ச் முனையம். திட்டத்தின் இலக்கு ஹால்டியா முதல் வாரணாசி வரை 2.2 முதல் 3 மீட்டர் ஆழம், 1500–2000 டன் கப்பல். முனையம் ஒரு முறை கட்டினால் நிற்கும். ஆழம் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கரைந்துபோகும்.

சரக்கு அனுப்புகிறவர் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்குக் குறைந்த கட்டணம் முக்கியம்தான். ஆனால் 'மார்ச் மாசம் முழுச் சுமையோட போகுமா?' என்ற கேள்வி அதைவிட முக்கியம். அதற்கு உத்தரவாதம் தரும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. இதற்கிடையில் ரயில்வே அமைச்சகம் அதே கங்கைச் சமவெளியில் கிழக்குச் சரக்கு ரயில்பாதையைப் போட்டு முடித்துவிட்டது. ரயில் நாள் சொல்லும். கப்பல் 'பார்க்கலாம்' என்கும்.

சரக்குதான் கூடியிருக்கிறதே என்று கேட்கலாம். தேசிய நீர்வழிகளில் 2013-14-ல் சுமார் 1.8 கோடி டன், 2024-25-ல் 14.5 கோடி டன் என்கிறது அரசுக் கணக்கு. எண்ணில் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி கங்கையில் போகவில்லை. மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மேற்குக் கரையின் கழிமுகங்களிலும் ஓடைகளிலும் போகிறது. தரம்தர் ஓடையில் எஃகு ஆலை தன் சொந்தத் துறையில் நிலக்கரியும் தாதுவும் இறக்குகிறது. அங்கே ஆழம் தருவது கடல் ஏற்றம். எந்த அலுவலகத்தையும் கேட்க வேண்டியதில்லை. 2016 சட்டம் 111 நீர்வழிகளை ஒரே தலைப்பில் சேர்த்ததால், இந்த மொத்த எண்ணைப் பார்க்கிறவருக்குக் கங்கையின் நிலை தெரியாது.

ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் வேறு மாதிரி செய்தார்கள். 1815 வியன்னா மாநாட்டில் ஆணையம் பிறந்தது. 1868 மான்ஹைம் ஒப்பந்தம், ஆற்றில் போவதற்காக மட்டும் சுங்கம் வாங்கக் கூடாது, கரை நாடுகள் தத்தம் பகுதியில் கப்பல் தடத்தைப் பராமரித்தே ஆக வேண்டும் என்று கட்டியது. அந்தக் கடமைக்குப் பின்னால்தான் டியூஸ்பர்க் போன்ற உள்நாட்டுத் துறைமுகம் வளர முடிந்தது. 2018 வறட்சியில் அங்கேயும் கப்பல்கள் பாதிச் சுமைகூட ஏற்ற முடியாமல் போயின. எந்தச் சட்டமும் மழையை வரவழைக்காது. ஆனால் யார் பொறுப்பு என்பதில் அங்கே குழப்பமில்லை.

இது கங்கைக்கு மட்டுமான கதையும் இல்லை. காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்த் தொடர் 2008-ல் நான்காம் தேசிய நீர்வழி ஆனது. பக்கிங்ஹாம் கால்வாய் அதில் ஒரு கண்ணி. அதற்குப் பதினோரு வருஷம் முன்பே சென்னையில் அந்தக் கால்வாயைத் தொற்றிக்கொண்டு பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை வந்துவிட்டது, தூண்களோடு. ஒரு துறை தூண் நட்ட கால்வாயை இன்னொரு துறை பிறகு நீர்வழியாக்கியது.

என் வாதம் நீர்வழி வேண்டாம் என்பதல்ல. வருடத்தில் எத்தனை நாள், எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழம் இருந்தது என்பதையே ஆணையத்தின் தேர்வு மதிப்பெண்ணாக வைக்க வேண்டும். கோடை நீரைப் பங்கிடும் மேசையில் அதற்கு ஒரு நாற்காலி வேண்டும். 1996 ஒப்பந்தம் 30 ஆண்டுக்கானது, 2026-ல் முடிகிறது. அந்தப் பேச்சில் பாசனமும் மீனவரும் ஓங்கில்களும் கப்பலும் ஒன்றாகக் கணக்கில் வர வேண்டும். கப்பலுக்கு மிச்சமே இல்லை என்று அங்கே முடிவானால், அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அடுத்த முனையத்துக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் அது தெரிந்தால் நல்லதுதானே?