இருமுறை விதைத்த வித்து

எழுமாற்று எண்களைத் தருங் கணனி தானாக எதனையும் எழுமாறாகச் செய்வதன்று. விசையழுத்தம், வட்டின் அசைவு, வன்பொருளின் குறுக்கீடு ஆகியவற்றிடையே தோன்றும் நுண்ணிய நேர வேறுபாடுகளைப் பணிசெயல் முறைமை திரட்டி, மறைவான வித்தொன்றாக்கி, அதனின்றே எண்களை முளைப்பிக்கின்றது. வித்து ஒன்றாயின் விளைவும் ஒன்றே. மெய்ந்நிகர் இயந்திரத்தில் விசைப்பலகையுமில்லை, சுழலும் வட்டுமில்லை. ஆதலின் வித்து வறியதாகின்றது என்பார் பலர். இக்கூற்று முற்றும் பிழையன்று. எனினும் நோயின் மூலம் வேறிடத்துளது.

அவ்விடத்தைச் சுட்டியது 2010 இல் றிஸ்தன்பாட், யிலெக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வாகும். ஓடிக்கொண்டிருக்கும் மெய்ந்நிகர் இயந்திரத்தின் நினைவகத்தை ஒரு கணத்திற் படியெடுத்து வைத்து, அந்நிலையிலிருந்து பன்முறை மீளத் தொடங்கலாம். அங்ஙனம் படியெடுக்குங்கால் வித்தும் உடன் படியெடுக்கப்படுகின்றது. டீ.எஸ்.ஏ. முறையில் வெவ்வேறு செய்திகளுக்கிட்ட கையொப்பங்கள் இரண்டில் ஒரே எழுமாற்று எண் அமையுமாயின், அந்தரங்கச் சாவியைப் பெறுதற்குப் பள்ளி மாணவன் அறிந்த இயற்கணிதமே போதும். வலைச் சேவையகமொன்றின் சாவியை இவ்வழியே பெறலாமென அவர்கள் செய்துங் காட்டினர். இங்கே வித்து வறியதன்று. வளமான வித்தே இருமுறை விதைக்கப்பட்டது.

நிரல்கள் எண்களைத் தேவைக்கு நெடுமுன்னரே பெற்றுச் சேமித்து வைப்பதே இதற்கு ஏதுவென அவ்வாய்வு கண்டது. குற்றம் நிரல்களோடு நின்றதா? 2014 இல் எவர்ஸ்போ முதலியோர் லினக்ஸின் கருவையே சோதித்து, ஒரே படியிலிருந்து மீண்ட இயந்திரங்களில் அதுவும் அதே எண்களைத் தருதலைக் காட்டினர்.

பின்வந்த பரிகாரம், இயந்திரம் மீட்கப்படுந்தோறும் மாறும் அடையாள எண்ணாகும். விண்டோஸ் சேவையகத்தின் 2012 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது புகுந்தது. 2022 இல் வெளியான லினக்ஸ் 5.18 அதனைக் கண்டு தன் வித்தைப் புதுக்கக் கற்றது. நன்றே, ஆயினும் கரு புதுப்பித்தது தன் வித்தை மாத்திரமே. தமக்கென வித்து வைத்திருக்கும் நிரல்கள் பழையதையே விதைத்துக்கொண்டிருத்தல் கூடும்.

எண் மீண்டும் வருமென ஒப்புக்கொண்டே, செய்தியையுஞ் சாவியையும் அதனோடு கலந்துகொள்ளுமாறு 2010 ஆம் ஆண்டு ஆய்வு கூறிய வழி இதனினுந் துணிவானது. 2013 இல் வெளியான ஆர்.எப்.சி. 6979 ஒருபடி மேற்சென்று, டீ.எஸ்.ஏ. கையொப்பத்துக்கு எழுமாற்று எண்ணே வேண்டாவெனச் செய்தது. ஆனால், புதிதாகச் சாவி ஆக்குமிடத்துக் கலத்தற்கு முந்திய இரகசியம் ஏதுமில்லை. ஒரே படியிலிருந்து எழுந்த இரு இயந்திரங்கள் ஆங்கு ஒரே சாவியை ஆக்குவதை இவ்வழி தடுப்பதில்லை.